புதிய 911-இல் பழைய 911 எவ்வளவு மிச்சம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி: ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பார்க்கிறீர்கள். ஒரு வார இறுதிக்கு போர்ஷே 911-இன் புதிய தலைமுறையான 992-இல் கரேரா மாடலை வாடகைக்கு எடுத்து, பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டென்ஷ்டாட் போகும் பி500 மலைச்சாலையில் ஓட்டினீர்கள். வண்டி பறந்தது, ஆனால் இறங்கிய பிறகு மனதில் ஒன்றும் நிற்கவில்லை. இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஆதி குணம் போய்விட்டது என்று பழைய கார் பிரியர்கள் சொல்வது நிஜமா, பழமை மோகமா? இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: போனது எது, ஏன் போனது, பழைய வண்டி வாங்கினால் அது திரும்பக் கிடைக்குமா என்பது. 911-ஐ வைத்தே பதில் சொல்கிறேன். 60 வருடங்களாக அதே அடிப்படை அமைப்பில், ஆறு சிலிண்டர் பாக்ஸர் இன்ஜினைப் (சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் இன்ஜின்) பின் அச்சுக்கும் பின்னால் சுமந்துகொண்டு ஓடும் கார் அது ஒன்றுதான். என்ன மாறியது என்று பிரித்துப் பார்க்க அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதலில் என் முடிவு. 992-க்குள் 911-இன் குணம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வெளியே வருவதற்கு நீங்கள் எட்டவேண்டிய வேகம், பொதுச்சாலையில் நியாயமாகப் போகக்கூடிய வேகத்தைத் தாண்டிவிட்டது. 1964-இல் விற்பனைக்கு வந்த 911 மணிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே பேசத் தொடங்கும். 992 அந்த வேகத்தில் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். இது ரசனை சார்ந்த கருத்து இல்லை, கணக்குப் போட்டுக் காட்டலாம்.

1964 மாடல் சுமார் 1080 கிலோ. 2 லிட்டர் இன்ஜின், 130 குதிரைத்திறன். அகலம் 1610 மி.மீ.; நாலு சக்கரத்திலும் 165 மி.மீ. டயர். 1998 வாக்கில் 996 என்ற தலைமுறை வந்தபோது (964, 991, 993 என்று கீழே வருபவையும் 911-இன் தலைமுறைப் பெயர்கள்தான்) எடை 1320 கிலோ, திறன் 300. நீங்கள் ஓட்டிய 992 கரேரா சுமார் 1505 கிலோ, 385 குதிரைத்திறன், அகலம் 1852 மி.மீ.; முன்னால் 235, பின்னால் 295 மி.மீ. டயர். எடை கூடியதைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள், ஆனால் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் திறன் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அகலத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு, எனக்கு அதுதான் பெரிய இழப்பு. 3 மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில் பழைய காருக்கு 1.39 மீட்டர் இடம் மிஞ்சும், புதியதற்கு 1.15 மீட்டர்தான். வளைவுக்குள் எங்கே நுழைந்து எங்கே உள்விளிம்பைத் தொடுவது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அந்தக் கால் மீட்டரில் போய்விட்டது. மலைச்சாலையில் 992 ஓட்டும்போது தடத்தின் நடுவில் பிடித்துவைத்துக்கொண்டு போவதே வேலையாகிவிடும்.

இப்போது டயர். 50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்ளுங்கள். பி500-இல் அப்படி நிறைய உண்டு. பழைய 165 டயர் தாங்கும் பக்கவாட்டு விசை ஏறக்குறைய 0.75 ஜி, அதாவது காரின் எடையில் முக்கால் பங்கு, என்று வையுங்கள். இன்றைய டயருக்கு 1.05 ஜி. அந்த வளைவில் பழைய கார் நழுவத் தொடங்கும் வேகம் சுமார் 69 கி.மீ., புதியது சுமார் 82 கி.மீ. இரண்டையும் 60 கி.மீ. வேகத்தில் அந்த வளைவுக்குள் விட்டால், பழைய கார் தன் பிடிமானத்தில் முக்கால் பங்கைச் செலவழித்திருக்கும், புதியது பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும். அந்தப் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில்தான் நாம் குணம் என்று சொல்வது எல்லாம் இருக்கிறது: முன் சக்கரம் லேசாக அகன்று ஓடுவது, ஆக்சிலரேட்டரை விட்டதும் மூக்கு உள்ளே திரும்புவது, மறுபடி மிதித்ததும் பின்பக்கம் அமுங்கி உட்காருவது. 992-இல் இவை எல்லாம் உண்டு. ஆனால் 60-இல் கிடைத்தது வேண்டுமென்றால் எதிரே வருகிறவர் தெரியாத வளைவுக்குள் 71-இல் போகவேண்டும்; நிதானமுள்ள யாரும் அங்கே போகமாட்டார்கள்.

இரண்டாவது, ஸ்டீயரிங். இங்கே கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் தப்பான இடத்தில் பழி போடுகிறார்கள். வளைவில் போகும்போது டயரின் தொடுபரப்பு முறுக்கிக்கொள்கிறது. அந்தப் பரப்பில் பக்கவாட்டு விசை கூடும் மையம் சக்கரத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. அதனால் சக்கரம் தானாக நேராகப் பார்க்கும்; கையில் தெரியும் கனம் பெருமளவு அதுதான். பிடிமானத்தின் எல்லை நெருங்க நெருங்க அந்த மையம் முன்னோக்கி நகர்ந்து, கனம் குறைந்துகொண்டே வரும். முன் சக்கரம் நழுவுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் இளகிவிடும் என்பதுதான் இதன் பொருள். ஓட்டுநருக்குக் கிடைக்கும் மிக முக்கியமான செய்தி இது. 1964 காரில் உதவி எதுவும் இல்லாத ராக் அண்ட் பினியன் (பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட) ஸ்டீயரிங். முன் அச்சில் எடையும் குறைவு. அந்தச் செய்தி அப்படியே கைக்கு வரும். 1989-இல் 964 மாடலோடு ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வந்தது, 2011-இல் 991-ஓடு மின் மோட்டார் வந்தது. ஹைட்ராலிக் பம்பை இன்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மோட்டார் தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும், எரிபொருள் மிச்சம். தடம் மாறாமல் காப்பது, தானாக பார்க்கிங் செய்வது போன்ற வசதிகளுக்கும் மோட்டார் வேண்டும். ஆனால் அந்த மோட்டாருக்கும் அதன் பற்சக்கரங்களுக்கும் சொந்தமாக உராய்வும் நிலைமமும் உண்டு. சாலையிலிருந்து வரும் சின்ன அதிர்வுகளை அவை விழுங்கிவிடும். மிச்சத்தை மென்பொருள் ‘இடைஞ்சல்’ என்று எண்ணி அடக்கிவிடும்.

ஆனாலும் மோட்டார் மட்டும் குற்றவாளி இல்லை. முன்னால் 235 டயரும் அதற்கேற்ற தடிமனான புஷ்களும் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்) இருந்து, நீங்கள் பிடிமானத்தில் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அந்தக் கனம் குறையும் கட்டமே வராது. எவ்வளவு நல்ல ஹைட்ராலிக் ராக் போட்டாலும் வராத செய்தியைக் கடத்த முடியாது. ஹோண்டா எஸ்2000-இல் 1999-லேயே மின் ஸ்டீயரிங்தான். அதன் ஸ்டீயரிங்கைக் குறை சொன்னவர்கள் உண்டு, ஆனால் அந்தக் காருக்குக் குணம் இல்லை என்று சொன்னவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

மூன்றாவது இன்ஜினும் கியரும். 2015 வரை அடிப்படை கரேராவில் 3.4 லிட்டர், டர்போ இல்லாத இன்ஜின். உச்ச முறுக்குவிசை 390 நியூட்டன் மீட்டர், அதுவும் 5600 ஆர்பிஎம்-இல். அடுத்து வந்த 3 லிட்டர் இரட்டை டர்போவில் 450 நியூட்டன் மீட்டர், 1700-லிருந்து 5000 வரை தட்டையாக. காகிதத்தில் எல்லா விதத்திலும் முன்னேற்றம்தான். ஆனால் முன்பு ஒரு கியர் குறைத்து, முள்ளை 5000-க்கு மேல் ஏற்றினால்தான் வண்டி உயிர்பெறும். அந்த உழைப்புக்குப் பலன் தெரியும். இப்போது எந்த கியரில் இருந்தாலும் மிதித்தால் போகிறது. கூடவே கியர்களும் நீளமாகிவிட்டன. போர்ஷேயின் கேமன் ஜிடி4-இல் இரண்டாவது கியரே 130 கி.மீ.-ஐத் தாண்டும்; ஜெர்மனியில் ஊருக்கு வெளியே பொது வரம்பு 100. மேனுவல் கியர்பாக்ஸ் வாங்கியும், முழுசாக ஒரு கியர் மாற்றக்கூட இடம் இல்லை என்றால் அந்த நெம்புகோலுக்கு என்ன வேலை?

மேனுவலைப் பற்றி இன்னொரு நுணுக்கம். புதிய மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்சை மிதித்தவுடன் ஆர்பிஎம் சட்டென இறங்காது, ஒரு கணம் தொங்கி நிற்கும். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைத் திடீரென மூடினால் எரிகலவை கெட்டு மாசு கூடும் என்பதால் கணினி மெதுவாக மூடுகிறது. எடை கூடிய இரட்டை ஃப்ளைவீலும் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம், இரண்டு பகுதிகளாக) சேர்ந்துகொள்கிறது. போர்ஷேக்கே இது தெரியும். 2023-இல் 1963 கார்கள் மட்டும் என்று அறிவித்த 911 எஸ்/டி-யில் லேசான கிளட்சும் ஒற்றை ஃப்ளைவீலும் போட்டு, சுழலும் எடையில் 10.5 கிலோ குறைத்தார்கள். கியர் விகிதங்களைக் குறுக்கினார்கள், பின்சக்கர ஸ்டீயரிங்கை எடுத்துவிட்டார்கள், மொத்த எடை 1380 கிலோ. குணத்தைத் திரும்பக் கொண்டுவர என்னென்ன செய்யவேண்டும் என்று அந்தத் தொழிற்சாலைக்குத் தெளிவாகவே தெரிந்திருக்கிறது. அதை ஒரு சிலருக்கு மட்டும், பெரும் விலையில் விற்பதுதான் எனக்கு வருத்தம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஆதி குணம் என்று கொண்டாடப்படுவதில் ஒரு பகுதி வடிவமைப்புப் பிழை. ஆரம்பகால 911-இன் பின்பக்கம் அவ்வளவு எளிதாகச் சுற்றிக்கொண்டதால், முன் பம்பருக்குள் எடைக்கட்டிகளை வைத்துச் சமாளித்தார்கள். பிறகு 1969 மாடலில் இன்ஜினை அதே இடத்தில் விட்டு, பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளி, ஒரு பெரிய பேட்டரிக்குப் பதிலாக முன் மூலைகளில் இரண்டு சின்ன பேட்டரிகளை வைத்தார்கள். வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் கார் பின்பக்கமாகச் சுற்றும் என்பது பல உயிர்களோடு விளையாடிய பழக்கம். 993-இல் பல இணைப்புக் கைகள் கொண்ட பின் சஸ்பென்ஷன் வந்து அது பெரிதும் அடங்கியது. அது போனதற்கு நான் அழமாட்டேன். காற்றால் குளிரும் இன்ஜின் 996-ஓடு போனதும் அப்படித்தான். ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்த தலைப்பகுதியைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது மிகச் சிரமம், சத்த விதிகளும் இறுகிக்கொண்டே வந்தன; தண்ணீருக்குப் போகாமல் அந்த இன்ஜின் பிழைத்திருக்காது.

காலம்தான் குணத்தைத் தின்றுவிட்டது, விதிகளுக்கு முன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மஸ்டா எம்எக்ஸ்-5 அதற்கு நேரடிச் சான்று. 1989-இல் வந்த முதல் தலைமுறை ஜப்பானில் 940 கிலோ. 2015-இல் வந்த நாலாவது தலைமுறையின் மிக லேசான ஜப்பான் மாடல் 990 கிலோ. காற்றுப்பைகள், மோதல் தாங்கும் சட்டகம், மின் ஸ்டீயரிங் எல்லாம் சேர்த்தும், கால் நூற்றாண்டில் கூடியது 50 கிலோதான். நீளம் முதல் காரைவிடக் குறைவு. 1.5 லிட்டர் மாடலுக்கு 195 அகலமுள்ள 16 அங்குல டயர் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள், உச்ச திறன் 131 கிடைப்பது 7000 ஆர்பிஎம்-இல். அதை ஓட்டினால் 60 கி.மீ.-இலேயே எல்லாம் தெரியும். டொயோட்டா ஜிடி86 வந்தபோது அந்த நிறுவனத்தின் சிக்கனக் காரான பிரியஸிலும் கிடைத்த 215 அகல டயரையே வேண்டுமென்று போட்டார்கள் என்பதும் இதே சிந்தனைதான். கேட்பவர் இருந்தால் செய்யமுடியும். ஆனால் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தை வைத்துக் காரை வாங்குபவர்கள் அதிகம் என்பதால், தொழிற்சாலைகள் அகன்ற டயரைப் போட்டுக்கொண்டே போகின்றன.

இதுவரை சொன்னது அளந்து காட்டக்கூடியது. சத்தம் அப்படி இல்லை. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்குத் துகள் வடிகட்டி வந்தபிறகும் சத்த வரம்பு இறுகிய பிறகும் எக்ஸாஸ்ட் அடங்கிவிட்டது, சில கார்களில் ஸ்பீக்கர் வழியாகச் சத்தம் கூட்டுகிறார்கள் என்பவை உண்மைகள். அது ஒருவருக்கு ஏமாற்றாகத் தெரிகிறதா இல்லையா என்பது காதுக்குக் காது மாறும். மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களில் கியர் மாறுவதைப் போலச் செய்து காட்டும் மென்பொருளைப் பற்றியும் இப்போதே தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை.

வாடகைக் காரை வைத்து 992-ஐ எடைபோட்டுவிடாதீர்கள். மறுமுறை எடுத்தால் இப்படிச் செய்யுங்கள். கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். வாடகைக் கார்களில் பெரும்பாலும் முழுச்சுமைக்கான அழுத்தம் இருக்கும். இருவர் மட்டும் போகும்போது எவ்வளவு வேண்டுமோ அதற்குக் குறைத்தால் முன்பக்கம் உடனே கொஞ்சம் பேசும். டேம்பரை (ஷாக் அப்சார்பர்) மென்மையான நிலையிலேயே விடுங்கள், ஸ்போர்ட் நிலையில் கார் பள்ளங்களின் மேல் குதிக்குமே தவிர தகவல் கூடாது. ஸ்டீயரிங்கின் கனத்தைக் கூட்டும் தேர்வு எந்தக் காரில் இருந்தாலும் இதே கதைதான்: அது உதவியைக் குறைத்துக் கையைக் களைப்பாக்கும். பிறகு ஆளில்லாத ஒரு பெரிய ரவுண்டானாவில், விரல்களால் மட்டும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கனம் ஏறி எங்கே இளகுகிறது என்று கவனியுங்கள். அங்கேயே ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தளர்த்துங்கள், திடீரென விடாதீர்கள். மூக்கு உள்ளே வரும். அதுதான் 1964-இல் இருந்த அதே கார். கார் சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி.-யை அணைக்காதீர்கள், இந்தச் சோதனைக்கு அணைக்கவேண்டிய தேவையே இல்லை.

சொந்தமாக ஒரு நவீன கார் இருந்தால் குணத்தில் கொஞ்சத்தை மீட்க முடியும். முதல் வேலை டயர்: காரின் பதிவு ஆவணங்களில் அனுமதித்துள்ள அளவுகளிலேயே மிகச் சிறிய வீலும் குறுகிய டயரும் போடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் எடை குறையும், பிடிமான எல்லை குறைந்த வேகத்திலேயே வரும். அனுமதியில்லாத அளவு என்றால் ஜெர்மனியில் டியூஎஃப் என்ற வாகனப் பரிசோதனை அமைப்பின் ஒப்புதல் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாமல் போகலாம். அடுத்தது வீல் அலைன்மென்ட்: முன் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யத்துக்கு அருகில், காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு) தொழிற்சாலை அனுமதிக்கும் வரம்பின் மேல் முனையில், இரு பக்கமும் சமமாக. காஸ்டர் கூடினால் ஸ்டீயரிங்கின் கனம் இயல்பாகவே கூடும். வீல் ஸ்பேசர் போடாதீர்கள். சக்கரம் வெளியே தள்ளப்பட்டால் ஒவ்வொரு பள்ளமும் கையை இழுக்கும், அதை உணர்வு என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ரப்பர் புஷ்களை எல்லாம் பாலியூரித்தேனுக்கு மாற்றுவதும் பெரும்பாலும் இரைச்சலைத்தான் கூட்டும்.

பழைய 911 வாங்குவது பற்றி. உங்களுக்குத் தேவை உதவியில்லாத ஸ்டீயரிங், குறுகிய உடல், தினசரி ஓடக்கூடிய நம்பகம் என்றால், 1987-லிருந்து 1989 வரை வந்த, ஜி50 கியர்பாக்ஸ் கொண்ட 3.2 கரேராவைத்தான் பரிந்துரைப்பேன். 30 வயதைத் தாண்டிவிட்டதால், அசல் நிலையில் இருந்தால் ஜெர்மனியில் பழமைக் கார்களுக்கான எச் நம்பர் பிளேட் கிடைக்கும். பவர் ஸ்டீயரிங்கும் ஏபிஎஸ்ஸும் வேண்டுமென்றால் 964. ஆனால் ஆரம்பகால 964-களில் சிலிண்டர் தலை இணைப்பில் ஆயில் கசிவு, இரட்டை ஃப்ளைவீல் கோளாறு, தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சின்ன பெல்ட் அறுந்து இரண்டாவது வரிசை பிளக்குகள் நின்றுபோவது ஆகிய மூன்றையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதிகம் ஓடாத பழைய கார்களில் பத்து வயது டயர் சாதாரணம். இறுகிப்போன ரப்பர் சீக்கிரம் நழுவும், தேய்ந்த டை ராட் முனையும் களைத்த ஷாக் அப்சார்பரும் வண்டியைத் தள்ளாட வைக்கும். அதை குணம் என்று நினைத்து விலை பேசிவிடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள 3.2 நேராகப் போகும்போது அமைதியாக இருக்கும், பிரேக் பிடித்தால் பக்கம் இழுக்காது.

துருவைத் தேட வேண்டிய இடங்கள்: கதவுப் பூட்டு கொக்கி மாட்டும் தூணின் அடிப்பகுதி, அதற்குக் கீழே கதவடியில் ஓடும் ‘சில்’ என்ற விளிம்புச் சட்டம், முன்னால் பேட்டரிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் பக்கவாட்டுத் தகடுகள். இன்ஜினில் வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) தேய்மானம் இந்த மாடலின் தெரிந்த நோய். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் போய் மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வருகிறதா என்று பின்னால் வரும் நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவை அளப்பது) கட்டாயம். அதைச் செய்யும்போதே வால்வு மூடிகளைக் கழற்றி, தலைப்பகுதியைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (நீண்ட திருகுத் தண்டுகள்) ஏதும் அறுந்து கிடக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு ஆயில் அளவை மற்ற கார்களைப் போல குளிர்ந்த இன்ஜினில் பார்க்கக் கூடாது. இதில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து, சமதளத்தில், ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது குச்சியை எடுத்துப் பார்க்கவேண்டும். குளிரில் பார்த்துக் குறைவு என்று எண்ணி ஊற்றினால், மிஞ்சிய ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய்விடும்.